பாட்டிலில் எழுதாத நேரம்

துணியில் நிறம் சரியாக ஏறவில்லை என்றால், திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர் எடுத்ததும் சாயத்தைக் குறை சொல்ல மாட்டார். துணியை எப்படி வெளுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார். மார்பகப் புற்றுநோய்க்குச் செய்யும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனையும் ஒரு சாயவேலைதான். அதில் மட்டும் சாயத்துக்கு முந்தைய வேலையைப் பற்றிப் பலரும் கேட்பதில்லை.

கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். அதைச் சிட்ரேட் கரைசலில் சூடாக்குகிறார்கள். இதற்குப் பல லேப்களில் பயன்படுவது நம் சமையலறைப் பிரஷர் குக்கர்தான். பிறகு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை விடுகிறார்கள். ஏற்பி உள்ள செல்லின் உட்கரு பழுப்பாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும். நூற்றில் ஒரு புற்றுச் செல் பழுப்பானாலும் 'பாசிட்டிவ்' என்று 2010இல் அமெரிக்க வழிகாட்டுதல் வகுத்தது. 1 முதல் 10 சதவீதம் வரை உள்ளதை 2020இல் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகப் பிரித்தார்கள்.

பழுப்பு என்றால் தமாக்சிஃபென் போன்ற மாத்திரை உண்டு. ஒன்று சில ரூபாய்தான். அதை 5 ஆண்டு சாப்பிட்டால் அந்நோயால் வரும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. நீலம் என்றால் அந்த மாத்திரையை எழுத மாட்டார்கள்.

பழுப்பாகியிருக்க வேண்டிய செல் நீலமாக நின்றுவிட்டால்? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அது நடந்தது. 1997 முதல் 2005 வரை ஏறக்குறைய 400 நோயாளிகளுக்குத் தவறான முடிவு போயிருந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை நடந்து, 2009இல் அறிக்கை வந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 798 கட்டிகளைச் சோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு அளவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ். இந்தியப் பெண்களின் நோயே வேறு என்று அப்போது பேசினார்கள். அதே மருத்துவமனையின் 2009 ஆய்வில் ஹார்மோன் ஏற்பி உள்ளவை பாதிக்கு மேல் வந்தன. பாசிட்டிவ் குறைவதற்கு இந்தியாவில் இளவயதில் நோய் வருவதும் ஒரு காரணம்தான். ஆனாலும் அந்த வித்தியாசத்தில் நோயின் பங்கு எவ்வளவு, பாட்டிலின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

பாட்டில் என்பது சதை கெடாமல் காக்கும் பார்மலின் பாட்டில். அறுத்தெடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத பார்மலினில் விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் ஊற வேண்டும். பார்மலின் உள்ளே இறங்குவதோ மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். முழு எலுமிச்சையை உப்பில் போட்டால் எப்போது ஊறும்? அதனால்தான் கீறிப் போடுகிறோம். கீறாமல் முழுதாகப் போட்ட மார்பகத்தின் நடுப்பகுதி, பார்மலின் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடுகிறது. ஏற்பிகளும் அதோடு போய்விடும்.

கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி, பிஎஸ்ஜி, ஜி.கே.என்.எம். என்று பெரிய மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கொங்கு நாட்டின் அறுவை சிகிச்சை எல்லாம் கோவையில் நடப்பதில்லை. சிற்றூர் நர்சிங் ஹோமில் எடுத்த கட்டி, உறவினர் கைப்பையில் பஸ் ஏறி லேப் வந்து சேர்வதும் உண்டு. எத்தனை லட்சம் போட்டு வாங்கிய தானியங்கிச் சாய மெஷினும், அந்தப் பை வெயிலில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று சொல்லாது.

சதையை எடுத்த நேரம், பார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் பாட்டில் மீது எழுத ஒரு பேனா போதும். லேப் அவற்றை ரிப்போர்ட்டில் அச்சிட வேண்டும். இன்னொன்றும் வேண்டும். ஸ்லைடில் பெரும்பாலும் நோயில்லாத பால்நாளமும் இருக்கும். அதில் சில செல்களாவது பழுப்பாக வேண்டும். அதுவும் நீலமாக நின்றால் அந்த 'நெகட்டிவ்' செல்லாது, மறுபடி சோதிக்க வேண்டும். இதை ஒரு வரியில் எழுதுவதில் என்ன சிரமம்?

2023இல் தமிழ்நாடு அரசு புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. வீடு தேடிப் போய்ப் பரிசோதனைக்கு அழைத்தால் பயாப்சிகளும் கூடும். பயாப்சிப் படிவங்களில் இந்த இரண்டு நேரங்களுக்கும் கட்டம் போடுவதை அரசு கட்டாயமாக்கலாம்.

நோயாளி வீட்டார் ரிப்போர்ட்டோடு மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் வேறு லேபில் அதையே மறுபடி சீவிச் சாயமிடலாம். நியூஃபவுண்ட்லாந்துத் தவறு வெளிவந்ததும் பத்திரமாக வைத்திருந்த பழைய திசுக்களால்தான். பிளாக் தீப்பெட்டியைவிடச் சிறியது; வெயில் படாத பீரோவில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.