நிதானமாக விழும் குத்து

விரல் விரைந்து ஓடாதவனுக்குச் சண்டை விளையாட்டுகளில் இடமில்லை என்பதை என் தங்கை மகனிடம் தோற்றுத் தோற்றே அறிந்துகொண்டேன். ஒரு நொடியை 60 கூறாக்கி, அவற்றில் இரண்டு மூன்று கூறு பிந்தினாலும் கன்னத்தில் அறை விழும்படி அமைத்திருக்கும் அந்த ஆட்டங்களில், எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பது பல சமயம் எனக்கு முன்னரே புலப்பட்டுவிடும். ஆனால், புலப்பட்டதை மூளை கட்டைவிரலுக்குச் சொல்லியனுப்பி, விரல் அதைக் கேட்டுக் கிளம்புவதற்குள் காரியம் முடிந்துபோயிருக்கும். ஆகவே, பழைய கருவிகளைச் சேர்த்துவைக்கும் நண்பர் ஒருவர், இந்தச் சண்டையையே சீட்டாட்டமாக மாற்றிய விளையாட்டு ஒன்று உண்டு என்று சொல்லி இரவல் கொடுத்தபோது, வழக்கில் தோற்றவனுக்கு மேல்முறையீடு கிடைத்தாற்போல் மகிழ்ந்தேன்.

அதன் பெயர் 'எஸ்.என்.கே. வெர்சஸ் காப்காம்: கார்டு ஃபைட்டர்ஸ் கிளாஷ்'. 1999-இல், நியோ ஜியோ பாக்கெட் கலர் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளிவந்தது. தலைப்பில் எதிரெதிராக நிற்கும் இரண்டு விளையாட்டு ஸ்தாபனங்களும் ஜப்பானில் ஓசாகா என்ற ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவை, பங்காளிகளுக்குரிய பிணக்கும் அவற்றினிடையே நெடுநாள் இருந்தது. 1987-இல் காப்காமின் முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' சண்டை விளையாட்டை இயக்கிய தகாஷி நிஷியாமா எஸ்.என்.கே.யில் போய்ச் சேர்ந்து, 1991-இல் 'ஃபேட்டல் ஃப்யூரி'யை உருவாக்கினார். அதே ஆண்டில் காப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வெளிவந்து திக்விஜயம் செய்தது. எஸ்.என்.கே.யின் 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' நாயகர்களைப் பரிகசிப்பதற்கென்றே, இளஞ்சிவப்பு உடை உடுத்தி, வீறாப்புப் பேசி, உதை வாங்கும் டான் ஹிபிகி என்ற விதூஷகனைக் காப்காம் 1995-இல் சிருஷ்டித்தது. இப்படி ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தவர்கள் சமாதானத்துக்கு வந்தபோது, அந்த உடன்படிக்கையின் முதற்பலன்களில் ஒன்றாக ஒரு சீட்டுக்கட்டு பிறந்தது என்பது எனக்கு மிகவும் ரசமான சங்கதியாகத் தோன்றுகிறது.

கட்டுக்கு 50 சீட்டு. ஆட்டத்தில் சேகரிக்கக் கூடியவை மொத்தம் 300. இரு கட்சி வீரர்களும் பெருந்தலையும் குட்டை உடம்புமாகச் சீட்டுகளில் பொம்மைபோல் நிற்கிறார்கள். களத்தில் ஒரு கட்சிக்கு மூவர்தாம் நிற்கலாம்; ஒருமுறைக்கு ஒருவனைத்தான் இறக்கலாம். சீட்டிலுள்ள எண்ணே அவன் வலிமை, அதுவே அவன் உயிர். ஒருவனை இறக்கும்போது சக்தி என்று ஒரு சேமிப்பும் கூடுகிறது. சேர்ந்து பாய்வதற்கும், தனிச் சீட்டுகளைப் பிரயோகிப்பதற்கும் அதிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். இவையெல்லாம் சாதாரணக் கணக்குகள். என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு விதி. தாக்கச் சென்றவன் அத்துடன் உறைந்துபோகிறான்; எதிராளியின் முறை வரும்போது அவனால் தடுக்க இயலாது.

இந்த விதி புதிதன்று. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வகுத்த 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டாட்டத்திலேயே இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு. எனினும், அங்கே வெறும் கணக்காக நின்ற விதி, இங்கே தன் சொந்த ஊருக்கு வந்துசேர்ந்ததுபோல் பொருந்துகிறது. ஏனெனில் சண்டை விளையாட்டின் சாரமே இதுதான்: ஓங்கி அடித்த கை திரும்பி வரும்வரை அடித்தவனின் உடம்பு திறந்து கிடக்கிறது, அந்த இடைவெளியைக் கண்டு உள்ளே புகுபவனே நல்ல ஆட்டக்காரன். என் தங்கை மகனின் விரல்கள் இதைப் பல்லாண்டுகளாக அறிந்திருக்க, அவன் வேகத்தின் புழுதியில் எனக்குக் கண்ணுக்கே தட்டுப்படாமல் போன இந்தச் சூட்சுமத்தை, காலத்தை முழுவதும் களைந்துவிட்டு மேசைமேல் பரப்பிக் காட்டியவர்கள் சாமானியர்கள் அல்லர் என்பது என் அபிப்பிராயம்.

வியாபாரத்திலும் அவர்கள் சாமானியர்கள் அல்லர். ஒரே ஆட்டத்தை, எஸ்.என்.கே. அன்பர்களுக்கு ஒன்று, காப்காம் அன்பர்களுக்கு ஒன்று என இரண்டு பதிப்பாக விற்றார்கள். கம்பியால் இரு கருவிகளை இணைத்துச் சீட்டுகளைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம். நட்பை வளர்க்கும் ஏற்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம். இரட்டை விற்பனை என்றும் சொல்லலாம்.

கருவியின் ஆயுள் மட்டும் நீளவில்லை. 2000-இல் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. மறு ஆண்டு எஸ்.என்.கே.யே திவாலாயிற்று. இந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் ஜப்பானைத் தாண்டவில்லை.

இரவல் கருவிக்குச் சிறிய பேட்டரிகள் இரண்டு போதும். 40 மணி நேரம் உழைக்கும் என்று பெயர். அந்தச் சிக்கனத்தின் காரணம், திரைக்கு உள்ளொளி கிடையாது என்பது. ஆகையால் ஏட்டுச்சுவடி வாசிப்பவனைப்போல் ஜன்னலோரம் போய், வெயிலுக்கு அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் ஆடவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை தங்கை மகன் வந்திருந்தான். "கொடுங்க மாமா" என்று வாங்கி, விதிகளை நான் சொல்லி முடிப்பதற்குள் பொத்தான்களைத் தட்டத் தொடங்கிவிட்டான். களத்தில் மூவர் சேர்ந்ததும் மூவரையும் ஒருசேரப் பாயவிட்டான், மூவரும் உறைந்தார்கள், இயந்திரத்தின் முறை வந்தது, தடுக்க ஆளின்றி அடிமேல் அடி விழுந்தது.

"மாமா, பிளாக் பண்ற பட்டன் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

அதற்குள் ஜன்னலில் வெளிச்சம் குறைந்துபோய்த் திரையில் எதுவும் தெரியவில்லை.