பிள்ளைகள் நோற்ற நோன்பு

கிறிஸ்தவர்களின் தவக்காலம் 2020 ஆம் ஆண்டில் பெப்ரவரி 26 அன்று தொடங்கிற்று. மார்ச் 20 அன்று, கொரோனாத் தொற்றைத் தடுக்க நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. தேவாலயத்தில் கூடிச் செபித்தவர்கள் வீட்டிலேயே செபித்தனர்.

நகரத்தார் வீட்டில் அடைபட்டிருந்த அந்நாள்களிலும் ஊவாத் தோட்டங்களில் வேலை நிற்கவில்லை. கொழும்புத் தேயிலை ஏலம் அவ்வாண்டு ஏப்ரலில் முதன்முறையாக இணையவழியில் நடந்தது. ஏலத்தை வீட்டிலிருந்தே கேட்கலாம். கொழுந்தை வீட்டிலிருந்து பறித்தல் இயலுமோ?

ஆதலின், நம் ஸ்பிரிங்வெளி லயங்களில் தாய் மலைக்குப் போனாள். பள்ளி மூடியதால் பிள்ளைகள் வீட்டிலிருந்தனர். அப்பொழுதுதான் அந்தச் சிறு இன்பம் பிறந்தது. தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, கூடை இறக்கி வரும் தாய்க்குச் சூடாகத் தேநீர் நீட்டினர் பிள்ளைகள். எத்தனையோ பேருக்குத் தேயிலை பறித்த கை, பிறர் ஊற்றிய தேநீரை ஏந்திற்று!

கிடையாமையால் உண்ணாதிருப்பது பசி. பிறர்க்கென விரும்பி ஒன்றை விடுவதே நோன்பு. இந்துக்களாகிய நாமும் விரதத்தின் பொருளை அவ்வாறே அறிவோம். விளையாட்டு நேரத்தில் ஒரு பங்கைத் தாய்க்கென விட்ட பிள்ளைகள், எம்மதத்தாராயினும், நோன்பு நோற்றவர்களே.

ஏப்ரல் 12 அன்று உயிர்ப்புப் பெருவிழா வந்தது. அதையொட்டிச் சித்திரைப் புத்தாண்டும் வந்தது. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. ஆயினும் மாணவச் செல்வங்களே, களைத்து வரும் தாய்க்கு ஒரு குவளைத் தேநீர் ஊற்ற ஊரடங்குச் சட்டம் வேண்டுமோ?