துப்பாக்கியிலும் ஓர் இடங்கை, வலங்கை

துப்பாக்கி என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் வலக்கைதான் என்றொரு வேதவாக்கு நம் பயிற்சிக் களங்களில் உலவுகிறது. எழுதுவது எந்தக் கையாக இருந்தால் என்ன, புதிதாகப் பழகுகிறவருக்கு இரண்டு கையும் ஒன்றுதானே, வலப்பக்கமாகவே பழக்கிவிடலாம் என்பது அதற்கு உரை. கேட்பதற்கு நியாயம்போல் ஒலிக்கும் இந்த வாதம் அடிப்படையிலேயே பிழையானது என்பது நம் கட்சி.

காற்றுத் துப்பாக்கியைத் தோளில் சார்த்திக் கன்னத்தைக் கட்டையின்மேல் வைக்கும்போது, அந்தப் பக்கத்துக் கண்தான் குறிநோக்கியின் நேர்கோட்டில் வந்து நிற்கிறது. ஆகவே வலத்தோளா, இடத்தோளா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியது கை அன்று, கண். நமக்கு ஒரு கை ஓங்கியிருப்பதுபோல ஒரு கண்ணும் ஓங்கியிருக்கிறது. மனிதரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர்; இடக்கண் ஓங்கியவரோ ஏறத்தாழ மூவரில் ஒருவர். அறிவதும் எளிது. இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, தொலைவிலுள்ள தென்னையின் உச்சியை அத்துளை வழியே இரு கண்ணாலும் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கையில் உச்சி துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஓங்கிய கண். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட மனமில்லாதவர்கள்தாம் 'இரண்டு கையும் ஒன்று' என்று சித்தாந்தம் பேசுகிறார்கள்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி, ஒரு பயிற்சி முகாமுக்குப் போனாள். இடக்கையால் எழுதுபவள், ஓங்கியதும் இடக்கண்ணே. கையில் கொடுக்கப்பட்டதோ வலக்கைத் துப்பாக்கி. இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்று நாள் சுட்டாள். குண்டுகள் அட்டையெங்கும் சிதறின. 'கவனம் போதாது' என்று தீர்ப்பு வழங்கப்பட்டது. நான்காம் நாள் அவள் போகவில்லை. அவள் பதக்கம் வென்றிருப்பாள் என்று சொல்ல நாம் சோதிடர் அல்லோம். ஆனால் குறை தன்னுடையது என்று நம்பிக்கொண்டு அவள் திரும்பினாள் பாருங்கள், அதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை. குறை அவள் கவனத்தில் இல்லை. கையில் கொடுக்கப்பட்ட கட்டையில் இருந்தது.

அதென்ன கட்டையில் குறை? வலக்கையர்க்கான துப்பாக்கியில் கன்னத்தாங்கி இடப்புறம் புடைத்திருக்கும். இடத்தோளில் வைப்பவரின் கன்னம் படும் வலப்புறமோ வெறுமையாய்க் கிடக்கும். கைப்பிடியின் குழிவும் மேடும் வலது உள்ளங்கைக்கென்றே செதுக்கப்பட்டவை. விசையேற்றும் நெம்புகோலோ போல்ட்டோ வலப்புறம் இருந்தால், இடக்கையர் ஒவ்வொரு குண்டுக்கும் தம் பிடியைக் குலைத்துக்கொள்ள வேண்டும். பத்து மீட்டர்ப் போட்டியில் 60 குண்டுகள். மின்னணு இலக்குக்கு 75 நிமிடம். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமோ அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டரைத் தேடுகிறவரை அறுபது முறை நிலைகுலையச் செய்துவிட்டுக் கவனத்தைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

இங்கே எதிர்க்கட்சியார் ஹங்கேரியின் காரோய் தகாச்சை அழைத்து வருவார்கள். 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்தவர். இடக்கையால் பழகி 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 'பார்த்தீர்களா, கையை மாற்றலாம்!' என்பார்கள். அவர் சுட்டது கைத்துப்பாக்கி. நீட்டிய கையில் பிடிக்கும் அதற்குக் கன்னமும் இல்லை, கட்டையும் இல்லை. எந்தக் கையில் பிடித்தாலும் எந்தக் கண்ணாலும் குறிபார்க்கலாம். தோள் துப்பாக்கிக்கு அந்த வசதி கிடையாது. மேலும், அவருக்குக் கைமாற்றம் விபத்து தந்த நிர்ப்பந்தம். நம் பிள்ளைகளுக்கு அப்படி எந்த விபத்தும் நேரவில்லை. நாமே அந்த விபத்தாக வந்து வாய்க்க வேண்டுமா?

இனி நம் மரபைத் துணைக்கழைப்பவர்கள் இருக்கிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: வீரன் பெரும்பாலும் இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளுமாகவே நிற்கிறான். அது சிற்பியின் மரபு. இறந்தவனின் கை எது என்பதற்குச் சாட்சியாகாது. மொழியும் நமக்கு உதவவில்லை. வலம் என்றால் வெற்றி, வலிமை. இடக்கையையோ பீச்சாங்கை என்கிறோம். ஒரு காலத்தில் சமூகத்தையே இடங்கை, வலங்கை என்று பிரித்து, 1707இல் சென்னைப் பட்டினத்தில் எந்தத் தெரு யாருக்கு என்று அடித்துக்கொண்டவர்கள் நாம். ஆனால் அதே மரபில்தான் பார்த்தனுக்குச் சவ்வியசாசி என்று ஒரு பெயரும் இருக்கிறது. இடக்கையாலும் அம்பெய்ய வல்லவன் என்பது பொருள். காவியத்தில் பெருமையாய் இருப்பது பயிற்சிக் களத்தில் மட்டும் குற்றமாகிவிடுவது எப்படி?

'பணம்?' என்பது கடைசி அம்பு. போட்டித் தரத்துத் துப்பாக்கி லட்சங்களில் விற்கிறது என்பது உண்மை. ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் நிறுவனங்கள் இடக்கையர்க்கென்று தனியே செய்து விற்கின்றன என்பதும் உண்மை. அதை நாளைக்கே வாங்கிக் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. தொடங்குகிறவருக்குக் குழலை மடக்கி விசையேற்றும் எளிய வகை போதும். அதில் நெம்புகோலும் இல்லை, போல்ட்டும் இல்லை. இருபுறமும் ஒத்த கட்டையாகப் பார்த்து எடுத்தால் எந்தத் தோளுக்கும் பொருந்தும். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமமும் வேண்டியதில்லை. நாட்டுத் துப்பாக்கிக் கதைகளால் பெயர்கெட்ட நம் மாவட்டத்தில், அட்டையை மட்டுமே சுடும் ஒரு கருவி கல்லூரிக்குள் வருவது நல்லதே.

வாங்கப் போகிறவர் கடைக்காரரின் பேச்சை நம்ப வேண்டாம். தம் உடம்பை நம்பட்டும். கண்ணை மூடிக்கொண்டு, குண்டில்லாத துப்பாக்கியைச் சுவரை நோக்கித் தம் தோளில் ஏந்திக் கன்னத்தைச் சாய்க்கட்டும். பிறகு கண்ணைத் திறக்கட்டும். குறிநோக்கி கண்ணுக்கு நேரே நின்றால் அது அவருடைய துப்பாக்கி. கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால், எத்தனை தள்ளுபடி தந்தாலும் அது வேறொருவருடையது.

நாம் வெறியர்கள் அல்லோம். இடக்கையர் ஒருவருக்கு வலக்கண் ஓங்கியிருந்தால் அவர் வலத்தோளில் தாராளமாய்ப் பழகலாம்; வலக்கையராய் இருந்தும் இடக்கண் ஓங்கியவர் இடத்தோளை முயன்று பார்க்கலாம். கேட்பதெல்லாம் இரண்டுதான். பயிற்சியின் முதல் நாளில், துப்பாக்கியைக் கையில் தருமுன், ஒவ்வொருவர் கண்ணையும் சோதியுங்கள். கல்லூரிகளும் சங்கங்களும் விலைப்புள்ளி கோரும்போது, 'இருபுறமும் பயன்படுத்தத்தக்க கட்டை' என்று ஒரு வரி சேருங்கள்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் காற்றுத் துப்பாக்கியோடு போனார். குறளின் இரண்டாம் பாட்டிலுள்ள சொல்லைப் பெயரில் சுமந்த ஒரு பெண் உலக அரங்கில் நின்றதில் தமிழ் படித்தவர்களாகிய நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த வாசல் ஒரு பக்கத் தோளுக்கு மட்டும் திறக்குமாயின், மகிழ்ச்சியில் பாதியை நாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.