சிஸ்டர் கேட்ட கணக்கு

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம். துணைக்கு வீட்டில் யாரை அனுப்பலாம் என்று கூடிப் பேசி, 'வேலைவெட்டி இல்லாமல் எழுதிக்கொண்டிருப்பவன்' என்ற தகுதியில் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ராத்திரி டூட்டியில் ஒரு சின்னப் பெண். படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாசமாம். அன்றைக்கு அவர் பொறுப்பில் 14 பேர். மாத்திரை கொடுக்க வரும்போதெல்லாம், "உங்க பேர் என்னப்பா?" என்று கேட்பார்.

"நேத்து சொன்ன அதே பேர்தாம்மா. இன்னும் மாத்தலை" என்பார் அப்பா.

சிஸ்டர் அசரவில்லை. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த அஞ்சும் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் பாடத்தில் முதல் பாடமாம்.

கட்டில் தலைமாட்டில் ஒரு சார்ட் தொங்கியது. ஒரு பக்கம் உள்ளே போனது: இளநீர் 150 மில்லி, ட்ரிப்ஸ் 500. இன்னொரு பக்கம் வெளியே வந்தது. பி.காம். படித்தவனுக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும்? "அட, வரவு-செலவு! நம்ம சப்ஜெக்ட்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்பா யூரின் போனா கொட்டிடாதீங்க சார். அளந்து எழுதணும்" என்றார் சிஸ்டர். பெரிய ஆடிட்டர் மாதிரி தலையாட்டினேன்.

ராத்திரி 11 மணிக்கும் 1 மணிக்கும் அப்பா எழுப்பினார். பாவம் சிஸ்டர், 14 பேரைப் பார்க்கிறாரே, நாம் ஒரு உதவி செய்வோமே என்று நானே பாத்ரூமில் கொட்டி, கேனைக் கழுவியும் வைத்துவிட்டேன்.

2.45க்கு யாரோ தோளைத் தட்டினார்கள். "அப்பா யூரின் போனாரா சார்?"

தூக்கக் கலக்கத்தில், "இல்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

அடுத்து என்னை எழுப்பியது டியூட்டி டாக்டரின் குரல். "அடிவயிறு சாஃப்டா இருக்கே? எதுக்கும்மா இந்நேரத்துக்குக் கூப்பிட்டீங்க?" அதோடு நிற்கவில்லை. வார்டே விழித்துக்கொள்ளும் அளவுக்கு இன்னும் நாலு வார்த்தை. சிஸ்டர் சார்ட்டைப் பிடித்தபடி நின்றார். எனக்கு அப்போதுதான் அந்த 11-ம் 1-ம் ஞாபகத்துக்கு வந்தன. எழுந்து, கை கட்டி, உண்மையைச் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே அச்சிட முடியாது.

அவர் போனதும், "சாரி சிஸ்டர், என்னால உங்களுக்குத் திட்டு" என்றேன்.

"பரவால்ல சார். அன்னிக்கு மத்தியானம்தான் ட்யூப் எடுத்திருக்கு. வயசானவங்களுக்கு அப்புறம் சில சமயம் யூரின் அடைச்சிக்கும். சார்ட்ல ஏழு மணி நேரமா ஒண்ணுமில்ல. போன வாரம் ஒரு தடவை கூப்பிட்டுத் திட்டு வாங்கினேன். அதனால போனை எடுத்து ரெண்டு தடவை வெச்சிட்டேன். அப்புறம், நிஜமாவே அடைச்சிருந்து நான் கூப்பிடாம இருந்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. திட்டு விழும் என்று தெரிந்தே ராத்திரி 3 மணிக்குப் போனைச் சுற்ற ஒரு தைரியம் வேண்டும். எந்த ஆபீஸில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? மேனேஜரின் லஞ்ச் நேரத்தில் கதவைத் தட்டவே நமக்குக் கால் நடுங்குகிறது.

சம்பளம் கேட்டேன். சொன்னார். 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு அமைத்த கமிட்டி, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. சிஸ்டர் சொன்ன தொகை அதற்கும் கீழே. பரிந்துரைதானே, பரணில் கிடக்கிறது.

"அப்புறம் எப்படி சிஸ்டர்?"

"முதல் மாசம் ஊசி எடுத்தாலே கை உதறும் சார். ஒரு பாட்டிக்கு நரம்பே கிடைக்கல. சீனியர்ஸ் வேற கேஸ்ல இருந்தாங்க. நானே குத்தினேன். ஒரே குத்துல கிடைச்சிடுச்சு. பாட்டி, 'வலிக்கவே இல்லடி கண்ணு'ன்னு கன்னத்தைத் தடவுச்சு. அன்னிக்கு விடியக்காலையிலயே அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன்."

காலையில் அடுத்த டூட்டி சிஸ்டரிடம் ஓவர் கொடுக்கும்போது எட்டிப் பார்த்தேன். 11, 1 மணிக் கட்டங்களில், 'போனார், அளக்கவில்லை' என்று எழுதியிருந்தார். யார் கொட்டியது என்று எழுதவில்லை. என் பி.காம். மானம் தப்பியது.

டிஸ்சார்ஜ் அன்று அப்பா அவரிடம், "நாலு நாளா என் பேரையே கேட்டியே, உன் பேர் என்னம்மா?" என்றார். வெட்கத்தோடு சொன்னார். அப்பா ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா, போயிட்டு வரேன்" என்றார்.

சிஸ்டர் பதறிப்போனார். "ஐயோ, இங்க மட்டும் அப்படிச் சொல்லக் கூடாதுப்பா. போறேன்னு சொல்லுங்க!"