காத்திருப்புக்கு யார் கூலி தருவது?

அறிவியலைப் படமாக்குவதையே தொழிலாகக் கொண்ட சிறு நிறுவனங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், மக்களுக்கு அறிவியலில் ஆர்வமில்லை என்று குறைபட்டு முடித்துக்கொள்வது நம் வழக்கம். உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. இத்தொழிலின் பெருஞ்செலவு காத்திருப்பு. பணம் கொடுப்பவர்களோ பெரும்பாலும் முடிந்த படத்திற்கு மட்டுமே கொடுக்கிறார்கள்.

பிரெஞ்சுத் திரைப்படக்காரர் ழான் பேன்லெவேயை (1902–1989) இங்கு நினைவுகூரலாம். அறிவியல் திரைப்படத்திற்கென 1930இல் பாரிசில் ஓர் அமைப்பை நிறுவியவர். 200க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர். அவருடைய புகழ்பெற்ற 'கடற்குதிரை' (1934) சுமார் 15 நிமிடமே ஓடும். கடற்குதிரையில் முட்டைகளைப் பையில் சுமந்து குஞ்சு ஈனுவது ஆண். அந்தப் பேற்றைப் படம்பிடிக்கக் கண்ணாடித் தொட்டியின் முன் அவர் இரவு பகலாகக் காத்திருந்தார். கண்ணயர்ந்தால் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்பும் கருவியொன்றைத் தனக்கென்றே செய்துகொண்டார் என்றும் சொல்வார்கள். கடலடிக் காட்சிகளுக்கு, நீர்புகாப் பெட்டிக்குள் காமிராவை வைத்து ஆர்க்கஷோன் விரிகுடாவில் இறங்கினார். இந்த உழைப்புக்கு எந்த விலைப்பட்டியலில் இடமுண்டு?

தந்தை பிரான்சின் பிரதமராக இருந்தவர். அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் அவர் கைக்கொண்ட ஒரு வழக்கத்திற்குச் செல்வம் தேவையில்லை. படம்பிடித்த ஒரே பொருளை ஆய்வாளர்களுக்கு ஒரு விதமாகவும், வகுப்பறைக்கு ஒரு விதமாகவும், திரையரங்கிற்கு ஒரு விதமாகவும் வெட்டித் தொகுத்தார். ஒருமுறை காத்திருந்ததன் பலன் மும்முறை கிடைத்தது. படச்சுருள் அவர் கையில் இருந்ததால்தான் இது இயன்றது. 'கடற்குதிரை'யின் புகழைத் தொடர்ந்து அவ்வுருவில் நகைகளும் கூடச் சந்தைக்கு வந்தன. வருவாய்க்காக வேறு சரக்கு விற்பதில் இழிவேதுமில்லை. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதுமன்று.

இன்று காமிரா மலிந்துவிட்டது. சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் ஆய்வகங்களுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் மூன்று நிமிட விளக்கப் படம் செய்து வாடகை கட்டுகின்றன. அதை நாம் குறைசொல்ல மாட்டோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, எடுத்த காட்சிகள் அனைத்தையும் பணம் தந்தவருக்கே எழுதிக்கொடுத்துவிடுவதைத்தான் குறைசொல்கிறோம். மூன்று நிமிடத்தில் இடம்பெறுவது வெற்றி மட்டுமே. பொய்த்துப்போன சோதனை, ஆய்வாளரின் தயக்கம், எதுவும் நிகழாத நீண்ட பொழுது ஆகியவை கழிவாகின்றன. அறிவியல் எப்படி நடக்கிறது என்று காட்டக்கூடியவை அவைதாம்.

ஆகவே கூலியைச் சற்றுக் குறைத்துக்கொண்டாவது, கழித்த காட்சிகளின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளச் சிறு நிறுவனங்கள் வாதாட வேண்டும் என்பது நம் கருத்து. படம்பிடிக்கப்பட்டவர்களின் ஒப்புதலும், வெளியிடக் கூடாத ஆய்வு விவரங்களும் தனியே பேசித் தீர்க்க வேண்டியவை. அவற்றைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரிக்காகச் சில வேலைகள் கைநழுவும். ஆனால் அந்த வரி இல்லாத நிறுவனம், பத்தாண்டு உழைத்த பின்னும் தன் பெயரில் ஒரு படமும் இல்லாமல் நிற்கும்.