வழி கேட்டு ஏறுக

மாசி, பங்குனித் திங்கள்களில் ஜவ்வாது மலையின் மரங்கள் இலை உதிர்த்து நிற்கின்றன. சரிவெங்கும் புல் காய்ந்து பொன்னிறம் கொள்கிறது. அடிவாரத்திலிருந்து காண்போர்க்கு அது அழகு; மலையில் வாழ்வோர்க்கோ அது எச்சரிக்கை. தொலைவில் உள்ள இமயத்திலும் இப்பருவத்தில்தான் பனி நெகிழத் தொடங்குகிறது. அங்கே பனிச்சரிவு, இங்கே காட்டுத்தீ. இரண்டும் மலையேறுவோருக்கு ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன.

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கிறது. வெயில் ஏற ஏற, உருகிய நீர் பனி அடுக்குகளுக்குள் இறங்கி அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஆகவே, அனுபவம் மிக்கோர் விடியுமுன் புறப்பட்டு, வெயில் முதிருமுன் சரிவைக் கடந்துவிடுவர். காட்டுத்தீயோ மேல்நோக்கிப் பாய்வது. கீழே எரியும் தீ, மேலே உள்ள புல்லை முன்னரே உலர்த்திச் சூடேற்றிவிடுகிறது. அதனால் சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. ஏறும் மனிதனின் வேகமோ சரிவு கூடுந்தோறும் குறைகிறது. தீக்கு முன்னே மேல்நோக்கி ஓடுவோர் அதனை வெல்வது அரிது. எரிந்து தணிந்த நிலமும் புல்லற்ற பாறைவெளியுமே ஓரளவு புகலிடம் ஆகும்.

இவ்வுண்மையைத் தமிழகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினரைத் தீ சூழ்ந்தது. அவ்விபத்து 23 உயிர்களைப் பறித்தது. மாண்டவர்கள் துணிவு குறைந்தவர் அல்லர். மலைமீது பற்றுக் குறைந்தவரும் அல்லர். துணிவும் பற்றும் மட்டுமே உயிரைக் காத்துவிடா. அவ்வாண்டே அரசு மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளை வகுத்தது. 2024இல் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மலைவாழ் இளைஞர்களே வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுள்ளனர்.

அனுமதியும் கட்டுப்பாடும் இளையோரின் ஊக்கத்தை முடக்கும் என்பர் சிலர். மலையை அறியாதோர் கூற்று அது. ஜவ்வாது மலையை அடுத்துள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், அவனை நாடிச் செல்லும் கூத்தருக்கு வழி கூறும் நூல். பன்றிகளுக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் என இடர்களை அது ஒவ்வொன்றாக உணர்த்துகிறது. பொறிகள் உள்ள வழியில் விடிந்தபின் செல்லுமாறும் அறிவுறுத்துகிறது. கூத்தரின் பயணத்தை அது தடுக்கவில்லை. அவர்கள் நலமாகச் சென்று சேரவே வழி சொல்கிறது. வழி கேட்பது கோழைத்தனம் என்று பழந்தமிழர் கருதவில்லை.

எனினும், விதிகள் மட்டும் போதா. அனுமதிச் சீட்டு காற்றின் திசையை அறியாது. எந்த ஓடையில் நீர் வற்றியது, எந்தச் சரிவில் நேற்றுப் புகை எழுந்தது என்பதையும் அறியாது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் அவற்றை அறிவர். அவர்களைச் சுமைதூக்கிகளாக மட்டும் கருதும் பயணம் பாதுகாப்பற்றது. ‘இன்று வேண்டாம், திரும்புவோம்’ என்று வழிகாட்டி சொல்லும்போது, செலுத்திய கட்டணத்தையும் கடந்து வந்த தொலைவையும் காட்டி வாதிடாமல் திரும்புவதே மலையேறுவோர்க்குரிய ஒழுக்கம். திரும்பும் உரிமையை வழிகாட்டிக்கு அளிக்காத விதி ஏட்டளவிலேயே நிற்கும்.

உச்சியை எட்டுவது பயணத்தின் பாதியே. வீடு திரும்பும்போதுதான் அது நிறைவுபெறுகிறது. மலை எங்கும் போய்விடாது. அடுத்த மழைக்குப் பின் பசுமை பூண்டு அங்கேயே நிற்கும். அதனைக் காண மனிதன் இருக்க வேண்டும்.