பேட்டரி மேல் பழி போடாதீர்கள்!

நடுக்கடலில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே தீர்ப்பு: "பேட்டரி போச்சு." கரைக்கு வந்ததும் புது பேட்டரி. மூன்று மாதம் கழித்து அதே கதை, அதே தீர்ப்பு! ராமேஸ்வரமாகட்டும் காசிமேடாகட்டும், விசைப்படகில் எது கெட்டாலும் குற்றவாளி பேட்டரிதான். கடைக்காரரைக் கேட்டால் அவரும் மாற்றத்தான் சொல்வார். பேட்டரி விற்பவரிடம் வேறு என்ன பதில் வரும்?

பேட்டரி மின்சாரம் தயாரிக்கும் மிஷின் இல்லை, வெறும் சேமிப்புக் கணக்கு. டைனமோ போடுவது வரவு. செல்ஃப், விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எடுப்பது செலவு. வரவே இல்லாத கணக்குக்குப் புது பாஸ்புக் வாங்கி என்ன பயன்?

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். இஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அப்போதும் 12 சொச்சம்தான் என்றால் வரவு வரவில்லை. பெல்ட், டைனமோ, ரெகுலேட்டர், வயர் என்று தேடுங்கள். (24 வோல்ட் படகென்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

இரண்டும் சரி, ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லையா? டெர்மினலைப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கும்போது அந்தப் பூஞ்சையின் தடை வெறும் 0.02 ஓம் என்றாலும் 4 வோல்ட் அங்கேயே காலி. பேட்டரி என்ன பாவம் செய்தது? நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, வெந்நீர் விட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டி கிரீஸ் தடவினால் முடிந்தது வேலை.

பேட்டரி சாகவே சாகாதா என்றால், சாகும். முழுதாக சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி வைத்தும் மறுநாள் 12-க்குக் கீழே இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். விசாரித்துவிட்டுத் தண்டனை கொடுங்கள் என்பதுதான் வாதம்.

"கடலுக்குப் போறவனுக்கு மீட்டர் பார்க்க நேரம் ஏது?" என்பார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகுக்குப் பெயிண்ட் அடிக்க நேரம் இருக்கிறது, வயரைப் பார்க்க இல்லையா? அந்த 61 நாளும் சார்ஜ் இல்லாமல் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். முதல் நாள் படுத்துவிட்டால் பழி மறுபடி பேட்டரிக்கே!

இன்னொரு கொடுமை, இஞ்சின் கிளப்பும் பேட்டரியிலேயே இரவு முழுக்க விளக்கும் செல்போன் சார்ஜும். விடிந்தால் செல்ஃப் எப்படி எடுக்கும்? இரண்டுக்கும் தனித்தனி பேட்டரி வேண்டும்.

இது வெறும் காசு விஷயம் இல்லை. விளக்கில்லாத படகு இரவில் கப்பல்காரர் கண்ணுக்குத் தெரியாது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு தகவல் தொடர்புக் கருவிகள் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. எந்தக் கருவி கொடுத்தாலும் அதற்குப் போகும் வயர் அரித்திருந்தால் அது வெறும் டப்பா. சில நூறு ரூபாய் மீட்டருக்கு யோசிப்பவர்கள் பல ஆயிரம் ரூபாய் பேட்டரியை யோசிக்காமல் மாற்றுகிறார்கள். இதற்குப் பெயர் சிக்கனமா?